சேவை என்ற சொல்லும் செவிலியரின் முதுகும்

எக்கியார்குப்பத்துக் கரைக்குக் காலை பத்து மணிக்கு மேல் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். கடலுக்குச் சென்ற படகுகள் கரையேறிவிட்ட நேரம் அது. இளையவர்கள் மீனை விலைபேசி அனுப்பிவிட்டு உறங்கச் சென்றிருப்பார்கள். கொட்டகை நிழலில் அறுபதும் எழுபதும் கடந்த பெரியவர்கள் கால்களை நீட்டி அமர்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாகச் சீர்செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரும் இனி அலையில் படகைத் தள்ளப் போவதில்லை. ஆயினும் "இவர் இனி ஆகாதவர்" என்று அந்தக் குப்பத்தில் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. எந்தக் காற்றில் எந்த வலையை எடுத்துப் போவது என்று கேட்க இளையவர்கள் அவரிடம்தான் வருகிறார்கள். படிப்பறிவு குறைந்தது என்று நாம் எண்ணிக்கொள்ளும் ஒரு மீனவர் குப்பம் கண்டுபிடித்து வைத்திருக்கும் இந்த எளிய ஒழுங்கைப் பட்டமும் பதிவும் சான்றிதழும் பெற்ற நம் மருத்துவமனைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாம் இங்கே எழுத வந்த முறையீடு இதுவே.

சென்ற மாதம் அந்தக் கரையிலிருந்து உப்பளங்களின் வழியாக மரக்காணம் திரும்புகையில் செவிலியர் ஒருவரின் வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றோம். தாய் உப்பளத்தில் கூடை சுமந்து படிக்க வைத்த பிள்ளை அவர். வயது ஐம்பத்திரண்டு. பணியில் இருபத்தொன்பது ஆண்டுகள். தண்ணீரோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து நீட்டி, "எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள் சாமி" என்றார். பணிவிலகல் கடிதம். மூன்றே வரிகள். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்வதாகவும், இத்தனை ஆண்டுகள் சேவை செய்ய வாய்ப்பளித்தமைக்கு நிர்வாகத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தது.

"சொந்தக் காரணம் என்னம்மா?" என்று கேட்டோம்.

"முதுகு, சாமி. முதுகு சொந்தம்தானே?" என்றார்.

மூன்று ஆண்டுகளாக அவருக்கு இடுப்பெலும்பின் அருகே தட்டு விலகிய வலி. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளைக் கட்டிலில் புரட்டுவதும், தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதும், கழிவறைக்குத் தாங்கிச் செல்வதும் அவருடைய வார்டின் அன்றாட வேலை. மாதத்தில் பத்து நாட்கள் இரவுப் பணி. புறநோயாளர் பிரிவுக்கோ தடுப்பூசி அறைக்கோ மாற்றித் தருமாறு இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். வந்த விடை வாய்மொழியாக வந்தது: இது வேலை அல்ல, சேவை, முடியாதவர்கள் போகலாம். அந்த மருத்துவமனையின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. அதை நடத்துபவர்கள் ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். ஏனெனில் இக்கட்டுரை அவர்களையும் அவர்களைப் போன்ற நம்மையும் நோக்கியே எழுதப்படுகிறது.

செவிலியரின் சுமை எவ்வளவு என்பதைக் கணக்காகச் சொன்னால்தான் சிலருக்கு விளங்கும். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் முதுகின்மேல் விழத்தக்க எடை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டிலேயே வரையறுத்தார்கள். கடையில் வாங்கும் அரிசிச் சிப்பமே 25 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள நோயாளியை இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கு முப்பது. அந்த இரண்டாவது பெண் பெரும்பாலும் அடுத்த வார்டில் இருப்பார். அரிசிச் சிப்பமாவது தூக்குபவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது. வலி தாளாமல் திமிறாது. இரவுப் பணியைப் பற்றியும் ஒரு சொல். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் எனக் கருதத்தக்கவற்றின் வரிசையில் வைத்தது. இருபத்திரண்டு வயதில் ஓர் இரவு கண்விழித்தால் மறுநாள் தூங்கி எழுந்தால் போதும். ஐம்பதில், மாதவிடாய் நின்று எலும்பு தேயும் பருவத்தில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தொடங்கிவிட்ட உடலில், அந்த இரவு மூன்று நாட்களை விழுங்குகிறது.

இந்த உண்மைகளைச் சொன்னால் உடனே நமக்கு முன்னால் நிறுத்தப்படுவது "சேவை" என்ற சொல். ஆண்டுதோறும் மே 12ஆம் நாள் செவிலியர் தினத்தில் வெள்ளை உடை அணிந்த வானதூதர்கள் என்று அவர்களைப் புகழ்ந்து, மெழுகுதிரி ஏற்றி, கேக் வெட்டி அனுப்புகிறோம். வானதூதருக்கு முதுகெலும்பு கிடையாது என்பதை இறையியல் படித்த நாம் அறிவோம். செவிலியரை வானதூதர் என்று அழைப்பதில் உள்ள வசதி அதுதான் போலும்.

நோயாளர்க்கும் செவிலியர்க்கும் பாதுகாவலரான புனித கமில்லுஸை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. கால் புண்ணோடு வாழ்நாளெல்லாம் அவர் நோயாளரைத் தாங்கினாரே, நீங்கள் தாங்கக் கூடாதா என்பது வாதம். 1550இல் பிறந்து 1614இல் மறைந்த அம்மகானின் ஆறாத புண் உண்மை. ஆனால் அவர் அந்தப் புண்ணைத் தாமாக ஏற்றார்; வேறொருவர் மீது சுமத்தவில்லை. உரோமையின் மருத்துவமனையில் நோயாளரைக் கவனிப்பாரற்றுக் கிடக்க விட்ட ஒழுங்கீனத்தைக் கண்டு சினந்து, அதை மாற்றத்தான் அவர் சபை நிறுவினார். உடல் தளர்ந்தபோது, 1607இல், தலைமைப் பொறுப்பைத் தாமே இறக்கி வைத்தார். நோயாளரிடம் செல்வதை மட்டும் விடவில்லை. தம்மால் எதை இனிச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. நம் மருத்துவமனைச் செவிலியருக்கு இல்லாதது அதுவே.

துறவற சபைகளுக்குள்ளேயே இந்த உரிமை நடைமுறையில் இருக்கிறது என்பது நம்மை மேலும் உறுத்துகிறது. செவிலியரான ஓர் அருட்சகோதரிக்கு ஐம்பத்தைந்து வயதாகி முழங்கால் தேய்ந்தால் சபைத் தலைவி என்ன செய்கிறார்? சிற்றூர் மருந்தகத்துக்கோ, மாணவியர் விடுதிக்கோ, பயிற்சி இல்லத்துக்கோ மாற்றுகிறார். யாரும் அவரிடம் விலகல் கடிதம் கேட்பதில்லை. அதே வார்டில், அதே ஆண்டுகள், அதே கட்டில்களைத் தள்ளிய பொதுநிலைச் செவிலியருக்குக் கடிதம். ஒரே திருமுழுக்குப் பெற்ற இருவரின் முதுகுகளுக்கு இரண்டு சட்டங்களா?

திருவிவிலியத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்பவர்கள் எண்ணிக்கை நூலின் எட்டாம் அதிகாரத்தை மெல்லப் புரட்டிப் பார்க்கட்டும். சந்திப்புக் கூடாரத்தில் பணிபுரிந்த லேவியர் இருபத்தைந்து வயதில் பணியேற்கின்றனர். ஐம்பதில் கடும் பணியிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். ஆனால் வெளியேற்றப்படுவதில்லை. தம் சகோதரருக்கு உதவியாக, காவலும் கண்காணிப்புமாகக் கூடாரத்திலேயே இருக்கின்றனர். சுமை இறங்குகிறது, இடம் நீங்குவதில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய பாலைவன மக்களின் பணிவிதி இது. மக்கள் கொடுத்த பத்தில் ஒரு பங்கில் ஐம்பது கடந்த லேவியருக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று அங்கே எழுதப்படவும் இல்லை.

அதற்கு முந்திய ஏழாம் அதிகாரம் இன்னும் சுவையானது. மறையுரைகளில் நாம் அதைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். தலைவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வண்டிகளை மோசே பங்கிடுகிறார். திரைகளைச் சுமக்கும் கேர்சோன் மக்களுக்கு இரண்டு வண்டிகள், நான்கு மாடுகள். கூடாரத்தின் சட்டங்களையும் தூண்களையும் சுமக்கும் மெராரி மக்களுக்கு நான்கு வண்டிகள், எட்டு மாடுகள். அவரவர் பணிக்கு ஏற்ப என்பதே கணக்கு. கனம் மிகுந்தவருக்கு வண்டி மிகுதி. நம் மருத்துவமனைகளில் புதிய ஸ்கேன் கருவியை ஆயர் அவர்கள் மந்திரித்துத் திறந்து வைக்கும் படங்களை இதே இதழில் கண்டிருக்கிறோம். நோயாளியைத் தூக்கும் பொறி ஒன்றை, சக்கரமும் துணித்தொட்டிலும் உடைய அந்த எளிய கருவியை, எங்கேனும் மந்திரித்ததுண்டா? பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தான பாரத்தைக் கையால் தூக்குவதை இயன்றவரை தவிர்க்கும் கடமையை முதலாளி மீது சுமத்தின. அதன் பின் அங்கே அப்பொறி வார்டுக்கு வார்டு வந்தது. நம்மிடம் இன்றும் போர்வையின் நான்கு மூலைகளே வண்டி, சகோதரிகளே மாடுகள்.

சொல் கடுமையாகிவிட்டதோ என்று அஞ்சி அடித்துவிட நினைத்தோம். பிறகு அப்படியே விட்டுவிட்டோம்.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், வேலையின் அளவும் ஓய்வின் அளவும் தொழிலாளியின் உடல்நலத்துக்கும் வலிமைக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்றது. 1981இல் இரண்டாம் யோவான் பவுல், வேலை மனிதனுக்காகவே அன்றி மனிதன் வேலைக்காக அல்ல என்று விளக்கினார். இவற்றை ஆலைக்கும் வயலுக்கும் உரியவை எனப் படித்துவிட்டு நம் நிறுவனங்களின் வாயிலில் மூடி வைக்கிறோம். தேவை கண்ட இடத்தில் திருச்சபை தன் விதிகளை மாற்றிக்கொண்டதும் உண்டு. துறவியர் பேறுகால மருத்துவம் செய்யலாகாது என்றிருந்த பழைய தடையை 1936இல் உரோமை நீக்கியது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து மடிந்த நம் நாட்டுப் பெண்களின் நிலையைக் கண்ட அன்னா டெங்கல் அம்மையார் போன்றோர் இடைவிடாது கேட்டதன் பயன் அது. 1943இல் குண்டூரில் பணியாற்றிய மருத்துவத் துறவி மேரி குளோரி இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். படுத்திருக்கும் பெண்ணுக்காக ஒரு சட்டத்தையே திருத்திய திருச்சபை, அவள் அருகே நிற்கும் பெண்ணுக்காக ஒரு பணிப்பட்டியலைத் திருத்தக் கூடாதா?

அரசைக் குறை கூறுவது எளிது, அதையும் கூறுவோம். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆண்டுகளை நீட்டியவர்கள் அந்த ஆண்டுகளில் வார்டில் என்ன வேலை என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக ஆயிரக்கணக்கில் செவிலியர் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் அமர்ந்தார்கள். நிரந்தரமே தாமதமாகக் கிடைப்பவருக்குப் பணிமூப்பு எப்போது சேரும்? பணிமூப்பு இல்லாதவருக்கு இலகுவான இடம் எப்போது கிடைக்கும்? தனியார் துறையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 சனவரியில் தலையிட்டு, நடுவண் அரசு குழு அமைக்கச் செய்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. நம் நிறுவனங்கள் அதை நிறைவேற்றினவா என்பதை வாசகர்கள் தங்கள் பங்கில் உள்ள ஒரு செவிலியரைக் கேட்டே அறிந்துகொள்ளலாம்.

நிற்க. இலகுவான வேலை எங்கே இருக்கிறது என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். இருக்கிற வேலைகளைப் பார்க்க மறுப்பவர்களின் கேள்வி இது. ஊசி குத்திக்கொண்ட ஊழியர், கை கழுவாத மருத்துவர், புண்ணில் பரவும் கிருமி ஆகியவற்றைக் கண்காணிக்கத் தொற்றுத் தடுப்புச் செவிலியர் வேண்டும்; மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் தேசிய அமைப்பே அதைக் கேட்கிறது. அதற்கு வலிய கை தேவையில்லை, ஏமாறாத கண் தேவை. வீடு திரும்பும் நோயாளிக்கு எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின், தையல் சிவந்தால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்ல ஆளில்லை; சீட்டைக் கையில் திணித்து அனுப்புகிறோம். முதல் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் கொடுக்கச் சொல்லித் தருவது, இன்சுலின் போடப் பயந்து நடுங்கும் முதியவரின் கையைப் பிடித்துப் பழக்குவது, தடுப்பூசி அறை, காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்த்தல், வீடு சென்ற நோயாளியைத் தொலைபேசியில் விசாரித்தல் என்று எத்தனையோ உண்டு. பள்ளி முடித்து நேற்று வந்த பெண் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தும்போது அருகில் நின்று "அவசரப்படாதே" என்று சொல்ல ஒருவர் இருந்தால் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய பேறு! செவிலியர் கல்லூரியில் ஆசிரியராவதற்குப் பட்டம் வேண்டும். பட்டயம் பெற்றவர் இரண்டு ஆண்டுகள் மேற்படிப்புப் படிக்க வேண்டும். நாற்பது வயதில் அவரை அனுப்பிப் படிக்க வைத்தால் ஐம்பதில் ஓர் ஆசிரியர் கிடைப்பார். வார்டில் வைத்துக் கற்பிக்க அதுகூடத் தேவையில்லை.

மருத்துவமனைக்கு வெளியேயும் களம் உண்டு. இந்தக் கடற்கரையின் அண்மை வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்கிறோம். 2023 மே மாத நடுவில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். முண்டியம்பாக்கத்துக்கும் புதுவைக்கும் ஊர்திகள் ஓடிய அந்த நாட்களை இப்பகுதி மறக்கவில்லை. மெத்தனாலின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. முதல் மணிகளில் வழக்கமான போதை போலவே தெரியும். பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல். வீட்டார் போதை தெளியவில்லை என்று எண்ணிப் படுக்க வைப்பார்கள். கண் மங்குகிறது என்ற சொல்லைக் கேட்டதும் அதன் பொருளை உணர்ந்து, "உடனே வண்டியை வரச் சொல்" என்று அதட்டத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குப்பத்திலும் அமர்ந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. சிலருக்குச் சில மணி நேரம் மிஞ்சியிருக்கும். இத்தகைய நஞ்சில் சில மணி நேரம் என்பது சில வேளை ஒரு கண், சில வேளை ஓர் உயிர்.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் கணக்கிலும் தடுப்பூசிப் பதிவிலும் மூழ்கிக் கிடக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல முயற்சி, பாராட்டுகிறோம். அதோடு பங்குதோறும் நாமும் ஒரு சிற்றறை திறக்கலாம். உப்பள வெண்மையில் கண் கூசிப் பார்வை மங்கியவர்கள், உப்புநீரில் நின்று பாதம் வெடித்தவர்கள், அதன்மேல் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களுக்கு மருத்துவர் பின்னர் போதும். முதலில் அந்தப் பாதத்தைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆனால் ஒன்றை வற்புறுத்துகிறோம்: இது சம்பளத்தோடு கூடிய பணியாக இருக்க வேண்டும். முப்பது ஆண்டு உழைத்தவரைக் கடிதம் வாங்கி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இலவசமாக இரத்த அழுத்தம் பார்க்க அழைக்கும் அழகை நாம் கண்டிருக்கிறோம்.

நேர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு. அதைத் தட்டிக் கழிக்கலாகாது. மூத்தவர்கள் எல்லாம் நாற்காலிக்குப் போனால் இரவும் பாரமும் இளம் பெண்கள் மீதுதானே விழும்? விழும், ஆள் எண்ணிக்கையை இப்போது போலவே வைத்திருந்தால். பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவு. இரவில் முப்பது கட்டிலுக்கு ஒரு பெண் நிற்கும் வார்டுகளில் நாம் நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றிருக்கிறோம். குறைவு மூத்தவரின் முதுகில் இல்லை, நிர்வாகத்தின் கணக்கில் இருக்கிறது. இளையவரின் முதுகும் ஐம்பதை நோக்கித்தான் நடக்கிறது என்பதால் அவருக்கும் வண்டி வேண்டும்.

இல்லத்தாரையும் விடுவதற்கில்லை. "பிள்ளைகள் தலையெடுத்தாயிற்று, இனி வீட்டில் இரு" என்று சொல்லும் கணவரும் மகனும் கனிவோடுதான் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது என்றால் பேரக்குழந்தையைத் தூக்குவது, படுக்கையில் விழுந்த மாமியாரைப் புரட்டுவது. வார்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது; சம்பளமும் சக ஊழியரும் மட்டும் வருவதில்லை.

நம் மறைமாவட்டத்தில் கத்தோலிக்கர் நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும், அது சபையுடையதாயினும் தனி ஒருவருடையதாயினும், தன் பணி ஆணையில் ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். ஐம்பது வயது நிறைந்த செவிலியர் எழுதிக் கேட்டால் இரவுப் பணியிலிருந்தும் நோயாளரைத் தூக்கும் பணியிலிருந்தும் விடுவிக்கப்பட்டு, ஊதியமும் மூப்பும் குறையாமல் வேறு செவிலியப் பணியில் அமர்த்தப்படுவார் என்பதே அப்பத்தி. விரும்பி வார்டிலேயே நிற்பவர் நிற்கட்டும். வார்டை நேசிப்பவர்களை நாம் அறிவோம். கேட்டால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அது கருணையாக அல்ல, விதியாக எழுதப்பட வேண்டும். கருணை மேட்ரனுக்கு மேட்ரன் மாறும். உறவுக்காரருக்கு முதலில் கிடைக்கும்.

அந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதை அவரிடம் திருப்பித் தரவில்லை. நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுதச் சொன்னோம். எழுதிக் கொண்டுவந்தார். இரண்டு பக்கம், தாம் செய்யக்கூடிய பணிகளை வரிசையாக எழுதி, எந்தெந்த ஆண்டில் எந்தெந்த வார்டில் இருந்தார், எத்தனை புதிய செவிலியரைப் பழக்கினார் என்று எல்லாம் குறித்திருந்தார். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தினோம். வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் அவர் நிர்வாகத்தைப் பார்க்கச் செல்கிறார். நாமும் உடன் செல்கிறோம்.